ஒரே பைப், ஆறு மோட்டார்

எங்கள் அப்பா கெட்டவர் இல்லை. பக்கத்து வீட்டு மாமாவும் கெட்டவர் இல்லை. யாராவது ஒருத்தர் கெட்டவராக இருந்திருந்தால் அவரைத் திட்டித் தீர்த்திருக்கலாம். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

தாராவியில் எங்கள் சந்தின் ஆறு வீடுகளுக்கும் ஒரே பைப். காலை ஐந்து மணிக்கு வரும் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும். ஒரு வீட்டில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் மற்ற வீட்டுக்காரர்கள் வாயைப் பார்க்க வேண்டியதுதான். அதனால் மோட்டார் வைப்பதில்லை என்று ஆறு வீட்டு ஆண்களும் மாரியம்மன் படத்துக்கு முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள். கோர்ட்டுக்குப் பயப்படாத எங்கள் திருநெல்வேலிக்காரன்கூட அதற்குப் பயப்படுவான்.

ஒரு மே மாதம் எங்கள் டிரம் பாதிதான் நிறைந்தது. அப்பாவுக்குப் பக்கத்து வீட்டு மாமாமேல் சந்தேகம்.

"அவன் மோட்டார் வச்சிருந்து நாம வைக்கலன்னா, நமக்குச் சொட்டுத் தண்ணி கிடையாது. அவன் வைக்காம நாம வச்சா, நமக்கு ரெண்டு டிரம். எப்படிப் பாத்தாலும் வைக்கதுதான் நல்லது" என்றார் அம்மாவிடம்.

"சத்தியம் பண்ணிருக்கியளே?"

"சத்தியத்தையா மோந்து குடிக்கப் போற?"

மறுநாள் காலை தண்ணீர் வந்ததும் என்னைப் பக்கத்து வீட்டுச் சுவரில் காது வைக்கச் சொன்னார். எனக்கு எட்டு வயது. தூக்கம் கண்ணைச் சொருகியது. ஒரு சத்தமும் இல்லை. அப்பா என் முகத்தையே பார்த்தபடி நின்றார். இல்லை என்று சொன்னால் இன்னும் நிற்கவைப்பார்.

"ஆமாப்பா, உய்ங்குன்னு கேக்கு" என்றேன்.

அன்றைக்கே மோட்டார் வாங்கிவிட்டார். ஒரே வாரத்தில் ஆறு வீட்டிலும் மோட்டார். பைப்போ கட்டருக்குள், அந்தத் திறந்த சாக்கடைக்குள், கிடந்தது. ஆறு மோட்டாரும் இழுத்த இழுப்பில் விரிசல் வழியாகச் சாக்கடையும் சேர்ந்து வந்தது. கறுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிடித்தால் டிரம் பழையபடி பாதிதான்.

தம்பிக்கு ஒன்றரை வயது. அம்மா காய்ச்சித்தான் கொடுத்தாள், என்ன பிரயோசனம்? வாந்தியும் பேதியும் நிற்கவே இல்லை. மூன்றாம் நாள் அப்பா அவனை ஆஸ்பத்திரியிலிருந்து துண்டில் சுற்றித் தூக்கிவந்தார். தூங்குகிறானா என்று கேட்டேன், பாவி நான்.

பக்கத்து வீட்டு அத்தை அம்மாவைக் கட்டிக்கொண்டு கதறினாள். அவள் மகள் என் காதோடு சொன்னாள்: "ஏட்டி, நீங்க மோட்டார் வாங்குததுக்கு முந்தியே எங்கப்பா என்னைய உங்க சுவத்துல காது வைக்கச் சொன்னாவ. ஒண்ணும் கேக்கல. கேக்குன்னு சொல்லிட்டேன்."

பொய் சொன்னது நான் மட்டும் இல்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் உண்மை.

அடுத்த நாள் விடிவதற்குள் அம்மா அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அந்தச் சனியனைக் கழற்றச் சொன்னாள்.

"அவன் கழத்தட்டும், நானும் கழத்துதேன்" என்றார் அப்பா.

ஐந்து மணிக்குச் சந்தில் ஒவ்வொரு மோட்டாராக ஓடத் தொடங்கியது. அப்பா தேம்பித் தேம்பி அழுதுகொண்டே எழுந்துபோய் எங்கள் ஸ்விட்சையும் போட்டார். பிள்ளையைக் கொன்ற தண்ணீரை இந்த மனுஷன் எதற்கு இன்னும் பிடிக்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.