ஷெல்ஜியின் தோளில் இருக்கும் கை

ஷெல்ஜி இறந்த செய்தி வந்தபோது நான் தோசைக்கல்லின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பால் வாங்கப் போன அப்பா, வாசலில் செருப்பைக் கழற்றியபடியே அம்மாவிடம் சொன்னார்: "முக்குல டாரஸ் லாரி ஒரு பிள்ளைய அடிச்சிட்டு. கடற்கரைப் பிள்ளை. இவ கிளாஸாம், ஷெல்ஜின்னு பேரு. டியூசனுக்கு வந்திருக்கு."

நான் தோசையைத் திருப்பிப் போட்டேன். அவள் என் வகுப்பு என்பது வீட்டில் தெரியும். என் தோழி என்பது தெரியாது. பத்தாம் வகுப்பில் ஒருநாள் அவளோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றதற்கே அப்பா, "கடற்கரைக்காரி கூட ஒனக்கு என்ன சோலி? இன்னொரு மட்டம் கண்டேன்னா படிப்ப நிறுத்திப்புடுவேன்" என்றிருந்தார். சொன்னால் செய்கிறவர். அக்காவின் படிப்பை அப்படித்தான் நிறுத்தினார். அதனால் அன்று தோசை கருகாமல் பார்த்துக்கொண்டேன். வகுப்பே வேன் பிடித்து அடக்கத்துக்குப் போனது. என்னை மட்டும் விடவில்லை.

அவளைத் தெரிந்தவர்களே, இது உங்களுக்குத்தான். ஆறுதல் சொல்ல எழுதவில்லை. உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை வேறு எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உள்ளறையில் அப்பாவின் குறட்டை நிற்கும்போதெல்லாம் நானும் எழுதுவதை நிறுத்துகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் காரணம் அதுதான்.

முக்கில் நிற்கும் அஞ்சலி ஃப்ளெக்ஸை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை வைத்தவர் அவளுடைய பெரியப்பா. "எங்கள் குலவிளக்கே" என்று எழுதி, கீழே தன் பெயரையும் கடையின் பெயரையும் அவள் பெயரைவிடப் பெரிதாகப் போட்டிருக்கிறார். ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்க வேண்டும் என்று அவள் கேட்டபோது, "படம் வரையுதவளை எவன் கெட்டுவான்?" என்று சிரித்தவர் அவர்தான். ஆனால் அதில் இருக்கும் அவள் புகைப்படம் எங்கே எடுத்தது என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்கிறேன்.

அது ஒரு சனிக்கிழமை. ஷெல்ஜி, அபிஷா, நான் மூவரும் வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு, யூனிபார்மிலேயே நாகர்கோவிலில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் போனோம். ஓவியங்கள் வைத்திருக்கும் அருங்காட்சியகத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. தெரிந்த முகம் வந்துவிடுமோ என்று ஒவ்வொரு நிலையத்திலும் தலையைக் குனிந்துகொண்டேன். "ஏட்டி, நிமிந்து இரி. திருடிட்டுப் போறவ மாதிரி இருக்க" என்று ஷெல்ஜி அதட்டினாள்.

உள்ளே போனதும் அவளுக்கு அவசரமே இல்லை. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நட்டுவைத்த தூண் போல நின்றாள். உடம்பெல்லாம் நகை போட்ட ஒரு பெண்ணின் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள்: "இவளுக்கு மூக்கு அரிக்குது பிள்ளே. வரையுதவன் அசையாதேன்னு சொல்லிட்டான். சொறிய முடியாம நிக்கா, பாரு." பாருங்கள், அதற்குப் பிறகு அங்கிருந்த ராஜா, ராணி, திவான் எல்லோருக்குமே மூக்கு அரித்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். காவலர் மலையாளத்தில் ஏதோ சொன்னார். அபிஷாவுக்கு விக்கல் எடுத்துவிட்டது.

பிறகு ஒரு விளையாட்டு. வீட்டுக்குக் கொண்டுபோக ஆளுக்கொரு படம் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் மழை பெய்யும் ஒரு தெருவைக் காட்டினேன். "ஆனா எங்க வீட்டுல மாட்ட விடமாட்டாவ. செத்தவிய படம் மட்டுந்தான் சுவத்துல தொங்கும்" என்றேன். "அப்பம் நீ அதுக்குள்ள போயி இருந்துக்க. குடை நான் கொண்டாறேன்" என்றாள் ஷெல்ஜி.

வெளியே புல்வெளியில் கொண்டுபோன எலுமிச்சைச் சோற்றைத் தின்றோம். ரயிலுக்கு நேரம் இருந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் அபிஷா, ஒளித்துக் கொண்டுவந்த போனில் எங்கள் இருவரையும் படம் எடுத்தாள். "அசையாதே" என்று அபிஷா சொன்னதும் ஷெல்ஜியின் மூக்கு சுருங்கியது. என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் சிரிப்பை அடக்கினேன்.

அந்தத் திங்கட்கிழமை ரெக்கார்டு நோட்டின் ஓரத்தில் மூக்கு அரிக்கும் ராணியை அவள் வரைந்தாள். வேதியியல் மிஸ், நீங்கள் அந்தத் தாளைக் கிழித்து, "நீ உருப்பட மாட்ட" என்று அவளை வராந்தாவில் நிறுத்தினீர்கள். அஞ்சலிக் கூட்டத்தில் அதே வாயால் "பூ மாதிரி பிள்ளை" என்றீர்கள். வராந்தாவில் நின்றவளும் அதே பிள்ளைதான். அவள் பூவும் இல்லை. அவளுக்கு நாக்கு நீளம், கோபம் வரும், கடன் கேட்டால் பேனா தரமாட்டாள்.

இப்போது ஃப்ளெக்ஸுக்கு வருகிறேன். அபிஷாவிடம் வாங்கிய அந்தப் படத்தில், அச்சடித்தவர் அவள் முகத்தை வெள்ளையாக்கி, என்னை வெட்டி எடுத்துவிட்டு, பின்னால் மேகமும் புறாவும் வைத்திருக்கிறார். ஆனால் அவள் தோளில் இருந்த என் கையை மறந்துவிட்டார். யூனிபார்ம் கையும், மணிக்கட்டில் செம்புக் காப்பும், மேகத்துக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டு நிற்கின்றன. காப்பு, கோயிலில் பூசித்து அப்பாவே எனக்குப் போட்டுவிட்டது.

ஃப்ளெக்ஸைப் பார்த்த அன்றே அதைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டேன். நேற்றுச் சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "அந்த ஃப்ளெக்ஸுல ஒரு கை கெடக்கு, பாத்தியா? கூடச் சேந்து ஊர் சுத்துன எவளோ." சோற்றைப் பிசைந்தார். "ஒனக்க காப்பு எங்க?"

"பி.டி. பீரியடுல கழத்துனேன்."

"நாளைக்குப் போட்டிரு" என்றார். என்னைப் பார்க்கவில்லை. அவர் கண்டுபிடித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று மத்தியானம் அபிஷா ஓடி வந்தாள். முப்பதாம் நாள் பூசைக்குப் புது ஃப்ளெக்ஸ் அடிக்கிறார்களாம். "கை அசிங்கமா இருக்குன்னு அவ பெரியப்பா அழிக்கச் சொல்லியாச்சு. நீ தப்பிச்ச மக்கா" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. அடுத்த பீரியட் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். பிறகு, சாயங்காலம் பேருந்திலிருந்து ஃப்ளெக்ஸில் அவளைப் பார்த்தேன். பொய் மேகம், பொய் நிறம், பொய் வார்த்தைகள். அந்தப் படத்தில் அவளைத் தெரிந்தது அந்தக் கைக்கு மட்டும்தான்.

அவள் வரைந்த எதுவும் என்னிடம் இல்லை. அடக்கத்தில் போட்ட மண்ணில் என் பிடி இல்லை. அவளுடையதென்று நான் வைத்திருப்பது அந்தத் தோள் குலுங்கியது மட்டும். சிரிப்பை அடக்கும்போது அது எப்படிக் குலுங்கும் என்பது இந்த உள்ளங்கைக்குத் தெரியும்.

அரிசிப் பானையிலிருந்து காப்பை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். விடிந்ததும் இந்தக் கடிதத்தை அபிஷாவிடம் கொடுப்பேன். அவள் அதை ஷெல்ஜியின் பெரியப்பாவிடம் சேர்ப்பாள். பெரியப்பா, அந்தக் கையை அழிக்காதீர்கள். அது அசிங்கம் இல்லை. அது என்னுடைய கை.