மீன் தொட்டி ஸ்டாண்டும் பக்கத்து வீட்டு வாசலும்

மீன் தொட்டிக்கு, கீழே கதவு போட்ட அலமாரியோடு மர ஸ்டாண்ட் செய்ய எங்கள் குவார்ட்டர்ஸில் இடமில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். பக்கத்து வீட்டு ஹாலில், அந்தச் சுவர் ஓரமாக வைத்துச் செய்தேன். டவுன்ஷிப்பில் ஒரே டைப் வீடென்றால் ஒரே அளவு. எங்கே செய்தால் என்ன? தரை வாசல் பக்கம் சரிந்திருந்ததால் இடது கால்களைக் கொஞ்சம் நீளமாக விட்டேன். செல்போனில் ரசமட்டம் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது.

எங்கள் ஹாலில், அதே சுவரின் இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்தால் குமிழி ஓரத்துக்கு ஓடியது. திரும்ப அங்கே தூக்கிப் போனேன், நடுவில் நின்றது. இங்கே வந்தால் மறுபடியும் ஓடியது. கோளாறு மரத்திலா, தரையிலா, என் மண்டையிலா? போனைத் தூக்கி எறியப் போனேன்.

மனைவி சுவரைப் பார்த்து நின்றாள். "அவங்க வீட்ல இப்படி நின்னா வாசல் இடது பக்கம். நம்ம வீட்ல வலது பக்கம், சரிவும் அந்தப் பக்கம்தான். இது கூடவா தெரியல உங்களுக்கு?"

பன்னிரண்டு வருடமாக இரண்டு வீட்டிலும் புழங்குகிறவன் நான்.

ஸ்டாண்டை முன்பின்னாகத் திருப்பினேன். குமிழி நடுவுக்கு வந்தது. அலமாரிக் கதவு சுவரோடு ஒட்டிக்கொண்டது. மீன் தீவனத்தை அந்த அலமாரிக்குள் வைத்திருந்தது, தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.