ரதிக்குக் கட்டிய காப்பு

எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. நடிப்பு எனக்குக் காமன் கூத்தில் வந்தது. மாசியில் காமன் எரிந்ததும் அவன் பெண்சாதி ரதி ஒப்பாரி வைக்கிற கூத்து அது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ரதி வேஷம் ஆம்பளைகள்தான் கட்டுவார்கள். ஒரு வருஷம் கட்டுகிறவருக்குக் கால் ஒடிந்துபோனது. கூத்து மாஸ்டர் பொம்பளைப் பிள்ளையான என்னைக் கட்டச் சொன்னார். அதற்குப் பிறகு ரதி நான்தான்.

கூத்தைப் பார்த்த ஒருவர் ஹட்டனில் மேடை நாடகத்தில் சேர்த்துவிட்டார். அங்கிருந்து சினிமா, பிறகு டெலிவிஷன். சொல்லப் பெரிதாக இருக்கும். பதினோரு வருஷமாகக் கூட்டத்தில் ஒருத்தியாகக் கூடையோடு நின்றேன். வேலைக்காரியாகத் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். ஒரு படத்தில் பிணமாகக் கிடந்தேன். ஒன்றிலும் ஒரு வார்த்தை பேசவில்லை.

போன மாசியில் கூத்துக்காகக் கையில் மஞ்சள் காப்புக் கட்டி நாலாம் நாள் கொழும்பிலிருந்து போன் கோல் வந்தது. ஒரு டெலிவிஷன் தொடர். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வேஷம். ஒன்றரைப் பக்க வசனம். மறுநாள் காலையில் அங்கே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள்.

காப்புக் கட்டினால் காமன் எரிகிற வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. யாரும் தாண்டியதில்லை. மாஸ்டரிடம் போனேன். தப்பு மேளத்தை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

“காப்ப அவுத்து விடுங்க மாஸ்டர்.”

“அவுக்கிறதுக்கு அது என்ன ஆட்டுக் கயிறா?”

“ஒன்றரப் பக்கம் பேசணும். பதினோரு வருசமா வாயே தொறக்கல.”

“இங்கதான் விடிய விடியப் பேசுறியே தாயி. பத்தலயா?”

பத்தவில்லை.

“போறதுன்னா போ. வேற புள்ளையப் பழக்கிக்கிறேன். அப்புறம் ரதின்னு வந்து நிக்காத.”

என் புருஷன் தடுக்கவில்லை. “தோட்டத்துல ஒண்ணு நடந்தா சனம் ஒன்னயத்தான் சொல்லும்” என்றார். அவ்வளவுதான்.

எல்லைப் பாலத்தைத் தாண்டி, கொட்டகலையில் பஸ் ஏறினேன். வழியெல்லாம் வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன்.

கொழும்பில் ஷூட்டிங் நடந்த இடத்தில், கையில் காப்பாகக் கட்டியிருந்த மஞ்சள் துண்டைக் கழற்றச் சொன்னார்கள். முடிச்சு அவிழவில்லை. மேக்கப் கத்தரிக்கோலை வாங்கி நானே வெட்டினேன்.

கெமரா ஓடியது. பேச்சு சரியாக வந்தது. அழுகிற இடத்தில் அழுகை ரதியின் ஒப்பாரி மெட்டில் வந்தது, எதிர் மலை லயத்து வீடுகளுக்கும் கேட்கிற மாதிரி. லைட் பிடித்தவர் சிரித்துவிட்டார்.

“அக்கா, மைக் பக்கத்துலதான் இருக்கு. பாட வேணாம். சும்மா அழுங்க” என்றார் டைரக்டர்.

சும்மா அழ எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த அழுகை அது ஒன்றுதான். மெட்டை அடக்கினேன். அடக்கினால் பேச்சும் வரவில்லை. ஐந்து முறை எடுத்தார்கள்.

“சரிக்கா, விடுங்க. நீங்க பின்னால இருங்க.”

பக்கத்து வீட்டுக்காரியாக நடிக்க வந்த பிள்ளைக்கு என் வசனத்தைக் கொடுத்தார்கள். அவள் சத்தமே இல்லாமல் அழுதாள். நன்றாகத்தான் இருந்தது. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

காமன் எரிகிற அன்றைக்குத் தோட்டத்தில் இருந்தேன். பொம்பளைகள் விலகி இடம் விட்டார்கள். யாரும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

புது ரதி பத்தாம் வகுப்புப் பிள்ளை. ஒப்பாரி நடுவில் பாட்டின் அடி மறந்து நின்றுவிட்டாள். அடுத்த அடி எனக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. மாஸ்டர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். தப்படிக்கிறவர் ஓங்கி அடித்து அந்த இடத்தைக் கடத்திவிட்டார்.