டேபிள் அக்கா நிறுத்த மறுத்த வேலை

அக்காவின் மேசையில் இரண்டு திரைகள் இருந்தன. வலது பக்கத் திரையை யாரும் தொடக்கூடாது. எங்கள் தரவுத்தளத்தின் அட்டவணைகள், நாங்கள் சொல்லும் டேபிள்கள், அதில் பெயர் பெயராக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே உயிருள்ள வரிசைகள் எத்தனை, செத்த வரிசைகள் எத்தனை, கடைசியாகச் சுத்தம் செய்தது எப்போது என்று மூன்று கட்டங்கள். காலையில் வந்ததும் தோள்பையைக்கூட இறக்காமல் நின்றபடியே அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அதனாலேயே அலுவலகத்தில் அவருக்கு டேபிள் அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது.

நாமக்கல்லில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது எங்கள் அலுவலகம். சுற்றுவட்டாரக் கோழிப்பண்ணைகளின் ஷெட்டுகளில் வெப்பமானிகளைப் பொருத்தியிருந்தோம். சில நொடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு ஷெட்டின் வெப்பமும் எங்கள் தரவுத்தளத்துக்கு வந்து சேரும். அளவு மீறினால் பண்ணைக்காரரின் கைபேசிக்கு உடனே எச்சரிக்கை போகும். அவர் ஓடிப்போய் தண்ணீரைப் பனிபோலத் தெளிக்கும் ஃபாகரைப் போட்டுவிடுவார். சித்திரை வெயிலில் அந்தச் செய்தி கால் மணி நேரம் தாமதமானால் ஷெட்டில் கோழிகள் செத்து விழத் தொடங்கும். பண்ணைக்காரர்களின் தொலைபேசி அழைப்புகளை எடுப்பதும் அவர்கள் கேட்கும் சிறு திருத்தங்களைச் செய்வதும் என் வேலை.

ஒரு ஷெட்டின் வெப்ப அளவு மாறும்போது பழைய அளவு இருந்த வரிசை உடனே மறைந்துவிடுவதில்லை. செத்த வரிசையாக அட்டவணைக்குள்ளேயே கிடக்கும். அவற்றை அப்புறப்படுத்தப் பின்னணியில் ஒரு துப்புரவு வேலை தானாக ஓடும், வேக்கம் என்போம். வேக்கம் ஒழுங்காக ஓடுகிறதா என்று காவல் இருப்பதுதான் அக்காவின் வேலையில் பாதி. ஒழுங்காக ஓடும் வரை அப்படி ஒரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியாது.

அந்த வெயில்காலத்தில் ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு எழப்போன நேரத்தில் சேந்தமங்கலத்துப் பண்ணைக்காரர் கூப்பிட்டார்.

"ஏனுங் அம்மிணி, நான் ஷெட்டுக்குள்ளதான் நிக்கறன். கோழியெல்லாம் வாயத் தொறந்துட்டு எளைக்குதுங்க. ஃபாகரப் போட்டுட்டு வந்து பாக்கறன், உங்க மெசேஜ் இப்பத்தான் வருது!"

அவர் ஷெட்டில் இருந்ததால் தப்பித்தார். மற்றவர்கள்? எழுந்து நின்று சத்தமாகவே சொன்னேன். அக்கா அதற்குள் திரையில் குனிந்திருந்தார். வெப்ப அட்டவணையில் செத்த வரிசைகள் லட்சக்கணக்கில் குவிந்திருந்தன. அவற்றுக்கு நடுவே உயிருள்ள வரிசையைத் தேடித்தேடி எச்சரிக்கைகள் பன்னிரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தன.

மேனேஜர் வந்து அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்றார். ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளின் பட்டியலில் வேக்கம்தான் முதலில் தெரிந்தது. "இதுதாங்க மெஷினத் தின்னுட்டு இருக்குது. மொதல்ல இத நிறுத்துங்க."

"நிறுத்த மாட்டனுங் சார்." அக்கா திரும்பக்கூட இல்லை. "கூட்டற ஆளயே வெளிய போகச் சொன்னா குப்பைய யாருங்க அள்ளுவாங்க? இது ஓடுது, ஆனா ஒண்ணையும் அள்ள முடியாம வெறுங்கையோட திரும்பி வருது. யாரோ புடிச்சு வெச்சிருக்காங்க. அஞ்சு நிமிசம் குடுங்க."

மேனேஜரின் முகம் சிவந்தது. ஆனாலும் அவர் ஒரு காரியம் செய்தார். பண்ணைகளின் பட்டியலை அச்செடுத்து எங்கள் ஆறு பேருக்கும் பிரித்துக் கொடுத்து, தாமும் ஒரு தாளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பண்ணையாகக் கூப்பிட்டு, "மெசேஜுக்குக் காத்திருக்காதீங்க, ஃபாகரப் போடுங்க" என்று சொல்லத் தொடங்கினோம்.

நான் மூன்றாவது பண்ணையோடு பேசிக்கொண்டிருந்தபோது அக்கா என் பக்கத்தில் வந்து குனிந்தார். குரல் எனக்கு மட்டும் கேட்டது. "அம்மிணி, காலைல வெண்ணந்தூர்ப் பண்ணைக்கு ஷெட்டுப் பேரு மாத்துனியே, அத முடிச்சியா?"

அழைப்பைச் சுருக்கமாக முடித்துவிட்டு என் திரையைப் பார்த்தேன். காலையில் திருத்தத்தைத் தொடங்கியதும் தொலைபேசி அடித்தது, எடுத்தேன், பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அழைப்புகள். முடிக்காத அந்தத் திருத்தம் திரையின் வேறு சன்னல்களுக்குப் பின்னால் திறந்தே கிடந்தது. தொடங்கிய வேலை முடியாதவரை, அதற்குத் தேவைப்படுமோ என்று பழைய வரிசைகளைத் தரவுத்தளம் விடாமல் வைத்திருக்கும். வேக்கத்தைக் காலையிலிருந்து தடுத்துக்கொண்டிருந்தது நான்தான்.

"முடிச்சு விடு சாமி" என்றார் அக்கா. திருத்தத்தை முடித்து வைக்கும் 'கமிட்' என்ற ஒரே ஒரு சொல்லைத் தட்டினேன்.

அடுத்த சுற்று வேக்கம் வெறுங்கையோடு திரும்பவில்லை. செத்த வரிசைகளின் எண்ணிக்கை சரிந்தது. தாமதம் பன்னிரண்டிலிருந்து ஏழானது, மூன்றானது, பிறகு இல்லாமலே போனது. எச்சரிக்கைகள் சரசரவென்று கிளம்பிப் போவதைப் பார்த்து அறையே கைதட்டியது. மேனேஜர் கைதட்டியதை நான் பார்த்தது அன்றுதான். சாயங்காலம் வரை எல்லாப் பண்ணைகளையும் மறுபடி கூப்பிட்டு விசாரித்தோம். எங்கள் தாமதத்தால் ஒரு ஷெட்டிலும் பெரிய சேதம் இல்லை.

"டேட்டாபேஸ்ல ஒரு கனெக்சன் காலைல இருந்து தொறந்தே கெடந்துச்சுங் சார்" என்று மட்டும்தான் அக்கா மேனேஜரிடம் சொன்னார். யாருடையது என்று சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குள் நான் சுகமாக ஒளிந்துகொண்டிருக்கலாம். ஆனால் எல்லோரும் கிளம்பும் முன் எழுந்து, "அது என்னுதுங் சார்" என்றேன்.

மேனேஜர் என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா தோள்பையை மாட்டியபடியே சொன்னார்: "இனி வேலைய முடிக்காம அஞ்சு நிமிசத்துக்கு மேல சும்மா கெடந்தா எந்தக் கனெக்சனும் தானா அறுந்துக்குமுங்க. இப்பத்தான் வெச்சுட்டு வாரன். இத நான் போன வருசமே வெச்சிருக்கோணும், அது என் தப்பு."

தப்பில் பாதியை அவர் அப்படி இயல்பாக எடுத்துக்கொண்டது இப்போதும் எனக்கு வியப்புதான். அதன்பின் அந்தக் கோடை முழுவதும் ஓர் எச்சரிக்கைகூடத் தாமதமாகவில்லை.

அடுத்த வாரம் சேந்தமங்கலத்துக்காரர் நேரில் வந்தார். "அன்னைக்கு எல்லாருத்துக் கோழியையும் காப்பாத்துனது யாருங்க?" என்று கேட்டார். நான் அக்காவைக் காட்டினேன். அக்கா என்னைக் காட்டினார். "நீங்க சொன்னதக் கேட்டு ஒடனே எந்திரிச்சு நின்னு கத்துனது இவதானுங்க. இல்லீன்னா எனக்குத் தெரியறதுக்குள்ள இன்னும் பத்து நிமிசம் போயிருக்கும்."

அவரிடமும் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "மறைக்காமச் சொன்னியே, அது போதும். சரி அம்மிணி, இனி நான் கூப்பிட்டா நீயே எடு" என்றார் அவர்.