நாடி இல்லாத கை

பலவீனமான இதயத்துக்குப் பம்ப் பொருத்தி, அது தேறுகிறதா என்று ஆராயும் பிரிவில் நான் நர்ஸ். சேர்ந்த புதிதில், கணபதி என்ற ஊரிலிருந்து வந்த ஒருவரின் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடியே இல்லை. விரலை மாற்றி வைத்தும் இல்லை. கை மட்டும் கதகதப்பாக இருந்தது.

அவர் சிரித்தார். "பயந்துபோட்டீங்களா அம்மணி? பம்ப் நிக்காம ரத்தத்தைத் தள்ளுதுங்க. அதான் நாடி தெரியறதில்லீங்க."

அவரும் மனைவியும் மோட்டார் பட்டறை நடத்துகிறவர்கள். ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டாரில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து பேரிங் சத்தம் கேட்பார்கள். முனையில் துணி சுற்றி, கணவரின் நெஞ்சையும் அந்த அம்மா தினமும் அப்படியே கேட்பாராம்.

சில மாதங்களில் அந்த அம்மா கணவரை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். "ஒரே சீரா இரைஞ்சுட்டு இருந்துச்சுங்க. இப்ப நடுவுல என்னமோ தட்டுதுங்க. பேரிங் போயிருச்சுங்களா?"

ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். இரைச்சலுக்கு அடியில், பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல் கேட்டது.

"பேரிங் இல்லீங்க," என்றேன். "அவரோட இதயமுங்க. தேறித் தானாத் துடிக்குதுங்க."

இன்றும் யார் கையைப் பிடித்தாலும், விரலடியில் அந்தத் தட்டல் வரும்வரை நான் மூச்சு விடுவதில்லை.