வாட்டாத தலை

கம்பியில் குத்திய ஆட்டுத்தலையைத் தீயின் மேல் திருப்பிக்கொண்டிருந்த அசன் முகம்மதுவின் கையை யாரோ பிடித்து நிறுத்தினார்கள். திரும்பிப் பார்த்தார். தங்கை மகள் தஸ்மியா, ஐஸ் பெட்டியோடு நின்றாள்.

"மாமா, போன வாரமும் இப்படித்தான் வாட்டுனியளா?"

"பின்னே? வீட்டுப் பிள்ளைக்கு முடியோடயா கொடுப்பாவ?"

அவள் குத்தவைத்துச் சிரிக்கத் தொடங்கினாள்.

அசன் முகம்மது பாதி வயசைச் சவுதியில், தமாமில் கறி பொட்டலம் கட்டிக் கழித்துவிட்டு, அலுத்துப்போய் மேலப்பாளையத்தில் சொந்தமாகக் கறிக்கடை போட்டவர். தலை வாட்டுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பு. மனைவி பாத்துவும் மறுத்ததில்லை. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற தஸ்மியா ஆட்டு மூளையும் ஈரலும் கேட்டபோது பெருமையாகத்தான் இருந்தது. பெண்பிள்ளை அறுப்பிடத்தில் நிற்கக் கூடாது என்று அவளை வீட்டுக்குள் உட்காரவைத்தார். பாத்து டீ கொடுப்பாள். மூளை வாழையிலையில் உள்ளே போகும்.

ஆய்வுக்கூடத்துச் சோதனையில், ஈரலில் எல்லாம் சரியாக வந்தது. மூளையில் ஒவ்வொரு முறையும் ஒன்றுமே வரவில்லை. தஸ்மியா தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். இந்த வாரமும் வராவிட்டால் மூளையை விட்டுவிட்டு வேறு தலைப்பு பார் என்று சொல்லிவிட்டார் அவளுடைய வழிகாட்டி பெர்சிஸ். அந்தத் தவிப்பில்தான் டீயைக் கூடக் குடிக்காமல் பின்கட்டுக்கு வந்திருந்தாள்.

அவள் பைய விளக்கினாள். உயிரணுக்கள் கட்டுமீறிப் பெருகிக் கட்டியாகாமல் பிடித்துவைக்கிற மரபணு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து வரும் செய்தியை ஒவ்வொரு உறுப்பும் வெட்டி ஒட்டித்தான் பயன்படுத்துகிறது. மூளை மட்டும், ஈரல் வெட்டிப் போடுகிற சின்னத் துண்டு ஒன்றை வைத்துக்கொள்கிறது. ஆட்டிலும் அப்படியா என்று பார்க்க வேண்டும். சூடு பட்டால் அந்தச் செய்தி சிதைந்துபோகும்.

அசன் முகம்மது தாடியைச் சொறிந்தார்.

"ஆடு ஒண்ணுதான். பிரியாணிக்கு ஒரு வெட்டு, கோலா உருண்டைக்கு ஒரு வெட்டு. அதைத்தானே சொல்லுத?"

"அந்த வெட்டைத்தான் தேடுதேன் மாமா."

வாட்டிய தலையைக் கீழே வைத்தார். அப்போதுதான் அறுத்த ஆட்டின் தலையை எடுத்து, முடியோடு, ஒரே போடில் பிளந்தார். முடியோடு பிளப்பது அவருக்குக் கூசியது. தஸ்மியா கடுகளவு மூளையைக் குப்பியில் போட்டு, ஐஸில் புதைத்து, ஸ்கூட்டரில் பறந்தாள்.

சாயங்காலம் வரை அவர் கல்லாவில் இருப்புக்கொள்ளாமல் இருந்தார். மஃரிபு தொழுதுவிட்டு வந்தபோது செல்போனில் படம் வந்திருந்தது. கறுப்பில் வெள்ளைக் கோடுகள். தலைகீழாகப் பார்த்தார். தஸ்மியாவைக் கூப்பிட்டு எது மூளை என்று கேட்டார். ஈரலுக்கு ஒரே கோடு, அதற்கு மேலே ஒட்டினாற்போல இன்னொரு கோடும் இருக்கிற வரிசைதான் மூளை, அந்தச் சின்னத் துண்டு அதில்தான் இருக்கிறது என்றாள். இத்தனை நாள் மூளைக்கு ஒரு கோடும் விழுந்ததில்லையாம்.

"அப்போ இம்புட்டு நாளும் உன் படிப்பை நான்தான் பொசுக்கியிருக்கேன்."

"பக்குவமா பொசுக்கியிருக்கிய, மாமா."

மறுநாள் ஞாயிறு. கடையில் கூட்டம் இருந்தது. வேறு ஆடுகளிலும் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்று பெர்சிஸ் சொல்லியிருந்ததால், இரண்டு தலைகளை வாட்டாமல் பிளந்து கொடுத்தார். தஸ்மியா பின்கட்டில் நின்று வாங்கிக்கொண்டு போனாள். உச்சிக்குள் கறி தீர்ந்தது. கடையைக் கழுவிவிட்டு, சாப்பிட்டு, தூங்கினார்.