கவிழ்த்து வைத்த டம்ளர்

உள்ளே நுழைந்ததும் என் கண் போனது சன்னல் பலகைக்குத்தான். போடியில் ஜீப்புகள் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் காபிக்கடை அது. குரங்கணிப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போய்வந்த ஆறு வருடமும் என் டம்ளர் அந்தப் பலகையில்தான் கவிழ்ந்திருந்தது. காலையில் மலைக்குப் போகிறவர்கள் காபி குடித்த டம்ளரைக் கடைக்கார அண்ணன் கழுவிக் கவிழ்த்து வைப்பார். சாயங்காலம் இறங்கி வந்து அதே டம்ளரில் இன்னொரு காபி குடித்தால்தான் அது நிமிரும். ஒன்று மிச்சமிருந்தாலும் கடையை அடைக்க மாட்டார். யானை மறித்ததோ, மண் சரிந்ததோ என்று இறங்கி வரும் ஒவ்வொரு ஜீப்பிலும் விசாரிப்பார்.

ஒருநாள் தலைவலி என்று நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். அண்ணன் என்னைத் தேடிக் குரங்கணிக்கே ஜீப் ஏறிவிட்டார். மறுநாள் வாங்கிய ஏச்சு மாதிரி என் அப்பாகூட என்னை ஏசியதில்லை. "நீங்க எறங்குனீகளா இல்லையான்னு எனக்கு எப்பிடித் தெரியும் டீச்சரு? தலைவலின்னா வந்து சொல்லிட்டுப் படுங்க!" கோபம் வந்தது. இந்த ஊரில் என்னைத் தேட ஓர் ஆள் இருக்கிறார் என்று சந்தோஷமாகவும் இருந்தது.

அப்படிப்பட்டவரிடம் சொல்லாமல் போனவள் நான். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று பள்ளிக்கூடத்துக்குத் தகவல் வந்தது. யாருடைய காரிலோ ஏறித் திருச்சிக்குப் போனேன். மாற்றலும் அங்கேயே கிடைத்தது. கார் இந்தக் கடையைத் தாண்டித்தான் போனது. நிறுத்தச் சொல்லத் தோன்றவில்லை. அன்று அண்ணன் எவ்வளவு நேரம் காத்திருந்தாரோ என்று இருபது வருடமாக மனது உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

இப்போது கடைக்குக் கண்ணாடிக் கதவு. காபி காகிதக் கோப்பையில். சன்னல் பலகையில் பூந்தொட்டி, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள். நானும் மலையேற வந்த கூட்டத்தில் ஒருத்திதான். குரங்கணியிலிருந்து நடந்து ஏறி, மூணாறு வழியாக ஊர் திரும்புவது எங்கள் திட்டம். கல்லாவில் தலை நரைத்த அண்ணன் உட்கார்ந்திருந்தார். அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்று குனிந்தபடியே குடித்தேன்.

"ஏன் டீச்சரு, எறங்க இம்புட்டு நேரமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.

"அது கெடக்கட்டும். இப்ப எங்க போறீக?"

"குரங்கணிக்குண்ணே."

அவர் எழுந்து வந்தார். பூந்தொட்டியை ஓரமாக நகர்த்தினார். நான் குடித்த காகிதக் கோப்பையைக் கழுவி, சன்னல் பலகையில் கவிழ்த்து வைத்தார்.

ஜீப்பில் ஏறியதும் கூட வந்தவர்களிடம் சொல்லிவிட்டேன்: நீங்கள் மூணாறுக்குப் போங்கள், நான் சாயங்காலம் போடிக்கே இறங்கிவிடுகிறேன்.